பாலம்மா முடிந்து வைத்த ஐந்து குளிசைகள்

நறுவிலிக்குளத்தில் ஒருவருக்கு வருத்தம் கடுமையென்றால் முதலில் ஓட்டோவுக்குச் சொல்வார்கள், அடுத்ததாகப் பாலம்மாவுக்குச் சொல்வார்கள். சில வீடுகளில் பாலம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டோ. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு நிற்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, மரத்தால் விழுந்தது என்று இருபது வருடத்தில் அவள் நிற்காத வாட்டு கிடையாது. கட்டிலுக்கடியில் பன்பாய் விரித்துப் படுத்துப் படுத்து, பாயின் கோடுகள் முதுகிலே நிரந்தரமாகப் பதிந்துவிட்டன என்று ஊரில் பேச்சு. அவளுடைய பஸ் பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரி இருக்கும் தீவுக்குள் நுழையும்போதே அங்குள்ள வேப்பமரத்துக் காகங்கள் சோற்றுப் பையை அடையாளம் கண்டு, ஆண்கள் வாட்டுக் காகங்களுக்கும் ஆள் அனுப்பும் என்பது அவளே சொன்னது. அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் நிறையவே இருக்கும்.

அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் குளிசைகளைத் தெரியும். நிறத்தைப் பார்த்து, விளிம்பைத் தடவி, நடுவில் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து, இது காய்ச்சலுக்கு, இது சீனி வருத்தத்துக்கு, இது வாயுவுக்கு என்று சொல்லிவிடுவாள். கிளினிக்கில் கொடுத்த கடதாசிப் பைகளை வீட்டில் கலந்து கட்டிவிட்ட கிழடுகள் எல்லாம் பின்னேரத்தில் அவளுடைய படலையைத் திறந்துகொண்டு வரும். பாலம்மா கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முறத்தில் குளிசைகளைக் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பிரித்துக் கொடுப்பாள். ஒருமுறையும் பிழை விட்டதில்லை. அந்தப் பெருமையை அவள் மூக்குத்தியைப்போல எந்நேரமும் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

எல்லாக் குளிசையிலும் அவளுக்கு நெருக்கமானது செங்கல் நிறத்தில் சின்னதாக இருக்கும் பிரஷர் குளிசை. அது முதலில் அவளுடைய புருஷன் லெட்சுமணனுக்குக் கொடுத்தது. அந்த மனுஷன் அதை மறந்து மறந்து, ஒருநாள் வரப்பில் குந்தியவன் எழும்பவேயில்லை. தாலியைக் கழற்றிய அடுத்த மாதமே கிளினிக்கில் பாலம்மாவின் கையிலும் அதே குளிசையை வைத்தார்கள். ஒன்பது வருடமாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒருநாள் போட்டதை மறந்து இன்னொன்றையும் போட்டுவிட்டாள். கிணற்றடியில் உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. மண்டையில் மூன்று தையல். அன்றிலிருந்து அந்தக் குளிசைக்கு அவள் கொடுத்த மரியாதை மாரியம்மனுக்குக் கொடுத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

இனி மருமகளின் கதை. பாலம்மாவின் மகன் டிலக்‌ஷன் மேசன் வேலைக்காரன். கரையோர ஊரொன்றில் கோயில் மதில் கட்டப் போனவன் மதிலை முடித்துவிட்டுக் கிருஷாந்தியோடு வந்து நின்றான். கிருஷாந்தியின் தகப்பன் அன்ரனி கடற்றொழிலாளி. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்குள் தன் மகளா என்று கத்தி, "எனக்கு இப்பிடியொரு மகள் இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டார். பாலம்மா தன் கதவைத் திறந்தாள். மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மடு மாதா படத்தை மாட்டி, "ரெண்டு பேரும் சண்ட போடாம இருங்கம்மா" என்று இருவருக்கும் ஒரே ஊதுபத்தியைக் கொளுத்தினாள். கிருஷாந்திக்குப் பிள்ளை தங்கி நாலு மாதம் நிற்காமல் சத்தி எடுத்தபோது அவளுடைய தலைமயிரை ஒதுக்கிப் பிடித்தபடி முற்றத்தில் நின்றதும் பாலம்மாதான்.

ஒருநாள் பேன் பார்க்கும்போது அவள் ஒரு விஷயத்தையும் மருமகளிடம் சொன்னாள். டிலக்‌ஷனுக்கு முந்தி ஒரு பெண்பிள்ளை. அகதி முகாமில், ஏழாம் மாதத்தில் வந்துவிட்டது. கை கால் மூக்கு முழி எல்லாம் சரி. அழவில்லை. "மூச்சு எடுக்கத் தெரியாத புள்ள" என்றாள் பாலம்மா. "நெஞ்சு உள்ளுக்கு உள்ளுக்குப் போச்சு. மூணு மணித்தியாலம் மடியில வச்சிருந்தேன். பொறகு இல்ல." இதை அவள் முப்பது வருடத்தில் வேறு யாருக்கும் சொன்னதில்லை. கதை சொல்லப் பெயர் போனவள் சொல்லாமல் வைத்திருந்த ஒரே கதை அது.

கிருஷாந்திக்கு முப்பதாவது கிழமை, ஏழாம் மாதம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அடிவயிறு கல்லாக இறுகி இறுகி விட்டது. வாயு என்று பாலம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். குடித்து முடிக்க முன்னம் இன்னொரு இறுக்கம். கிருஷாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு, "மாமி, இது வாயு இல்லை" என்றாள். டிலக்‌ஷன் மிட்வைஃப்புக்கு ஃபோன் எடுத்தான். அந்தப் பிள்ளை, "ஒரு நிமிசமும் வைச்சிருக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு, தானே அம்புலன்ஸையும் அனுப்பிவிட்டாள். பாலம்மா பன்பாயையும் பிளாஸ்கையும் தூக்கினாள். ஏழாம் மாதம் என்ற சொல் நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது.

வாட்டுத் தாதிமாரில் றஞ்சிதம் மிசிதான் பொறுப்பு. கரையோரத்துக்காரி, கிருஷாந்தியின் ஊருக்குப் பக்கத்து ஊர். நடையில் ஒரு வேகம், பேச்சில் அதைவிட வேகம். வந்த கையோடு வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டாள், தொடையில் ஊசி போட்டாள், கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினாள், ஒரு குளிசையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"விழுங்குங்கோ தங்கச்சி. இது நோவைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கிற குளிசை. அரை மணித்தியாலத்தில இன்னொண்டு. பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா."

கிருஷாந்தி விழுங்கிவிட்டாள். அது நாக்கில் போகும் நேரத்தில்தான் பாலம்மா அதைக் கண்டாள். செங்கல் நிறம். சின்னது. வட்டம். ஒன்பது வருடமாகக் காலையும் மாலையும் முகம் பார்த்த முகம்.

"மிசி, அது பிரஷர் குளிசையில்லையா?"

"அம்மா, பிரஷருக்கும் குடுக்கிறதுதான். இப்ப இதுக்குக் குடுக்கிறம்" என்று சொல்லிக்கொண்டே மிசி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

பாலம்மா அதை நம்பவில்லை. கிருஷாந்தியின் கிளினிக் அட்டையில் மாதா மாதம் நூறுக்கு அறுபது என்றுதான் எழுதியிருக்கும். தன்னுடைய நூற்றெழுபதைப் பார்த்துப் பழகியவளுக்கு அது மனுஷருடைய பிரஷராகவே தெரிந்ததில்லை. இருக்கிறதே இவ்வளவு, அதையும் இறக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? கால் மணி போனது. கிருஷாந்தியின் முகம் குப்பென்று சிவந்தது. "மாமி, தலை இடிக்குது. நெஞ்சு படபடவெண்டு அடிக்குது" என்றாள். பாலம்மாவுக்குக் கிணற்றடி கண்ணுக்குள் வந்தது. மூன்று தையலும் வந்தது. அதற்குப் பின்னால் மடியில் கிடந்த நீலப் பிள்ளையும் வந்தது. அன்றைக்கும் யாரோ வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வந்து, "ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ" என்றுதான் சொன்னார்கள்.

அவள் குனிந்து மருமகளின் காதில் சொன்னாள்.

"இந்தா புள்ள, நல்லாக் கேளு. ஆள் மாறிக் குளிசை குடுக்குறாங்க. இனிக் குடுத்தா நாக்குக்குக் கீழ வச்சுக்க. தண்ணியக் குடிக்கிற மாதிரிக் குடி. அவ அங்கால போனதும் எங்கிட்டத் துப்பு. வெளங்குதா?"

கிருஷாந்தி அவளைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"மாமி, மிசி நோவு நிக்கிறதுக்கெண்டு..."

"மிசிக்கு நேத்து வந்த குளிசை. எனக்கு ஒம்பது வருஷத்துக் குளிசை. என்னைய நம்புறியா இல்லியா?"

"நம்புறன் மாமி."

அந்தச் சொல் பாலம்மாவுக்குப் போதும். பிளாஸ்கில் சுடுதண்ணி எடுத்துவரக் கன்டீனுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. றஞ்சிதம் மிசி அடுத்த குளிசையோடு நின்றாள். கிருஷாந்தி அதை வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். மிசி பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். போனதும் கிருஷாந்தி இருமுவதுபோலத் துணியை வாயில் பிடித்தாள். துணிக்குள் ஈரமாக, நிறம் கழன்று, செங்கல் நிறக் குளிசை. பாலம்மா அதைத் தன் முந்தானையின் நுனியில் வைத்து முடிந்தாள். நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்று. அன்றிரவு ஒன்று. விடிய ஒன்று. முடிச்சு நெல்லிக்காயளவு பெரிதாகியது. கிருஷாந்தியின் நாக்கு துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பாலம்மாவுக்கு மருமகள்மேல் பாசம் பொங்கியது. பெற்ற தகப்பன் கதவைச் சாத்தினான், படித்த மிசி ஒன்றைச் சொன்னாள், இந்தப் பிள்ளை எல்லாரையும் விட்டுவிட்டுத் தன் சொல்லைக் கேட்கிறதே. சொந்த மகன்கூட ஒரு சொல்லுக்கு நாலு கேள்வி கேட்பான்.

பக்கத்துக் கட்டிலில் நஸ்லியா என்று கொண்டச்சிப் பக்கத்துப் பெண் இருந்தாள். மூன்றாவது பிள்ளைக்கு வந்தவள், சிரித்த முகம். பாலம்மா அவளுக்கும் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், காகங்கள் ஆள் அனுப்பும் கதையையும் சொன்னாள். நஸ்லியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடிக்கடி பாலம்மாவின் முந்தானையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள். சேலை பிடித்திருக்கிறதாக்கும் என்று பாலம்மா நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் கிருஷாந்தியின் வயிறு இறுகுவது குறைந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருக்கா வந்தது அரை மணிக்கு ஒருக்காவானது. புதன்கிழமை காலையில் இல்லையென்றே சொல்லலாம். குளிசையைத் துப்பியதால்தான் இது என்று பாலம்மாவுக்குச் சந்தேகமேயில்லை. மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு, மாதாவுக்கு ஒரு கும்பிடு, மூன்றாவதைத் தனக்கே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

புதன் பதினொரு மணிக் குளிசையும் முடிச்சுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பெரிய டொக்டர் வந்தார். பின்னால் சின்ன டொக்டர்கள் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் றஞ்சிதம் மிசி. அவர் கிருஷாந்தியின் வயிற்றில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லது. குளிசை நல்லாப் பிடிச்சிருக்கு. ஊசியும் ரெண்டு போட்டாச்சு. நாளைக்குக் காலமை மட்டும் இப்பிடியே இருந்தா எனக்குச் சந்தோசம்."

பாலம்மா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாழ்க்கையில் இப்படியொரு வெற்றி கையில் கிடைத்த ஒருத்தி, அதுவும் நறுவிலிக்குளத்துப் பாலம்மா, எப்படி மூடிக்கொண்டு இருப்பாள்?

"டொக்டர் ஐயா" என்று எழும்பினாள். "கோவிச்சுக்கப்படாது. உங்க குளிசை ஒண்ணும் புடிக்கல."

"என்னம்மா?"

"இந்தப் புள்ள முதல் ஒண்ணத் தவிர ஒண்ணையும் முழுங்கல. நான்தான் விடல. இந்தா இருக்கு, எண்ணிப் பாருங்க." முந்தானையை அவிழ்த்துக் கட்டிலின் வெள்ளை விரிப்பில் கொட்டினாள். ஐந்து குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. "பிரஷர் கொறஞ்ச புள்ளைக்குப் பிரஷர் குளிசை. உங்களுக்குத் தெரியாம யாரோ பிழை வுட்டுட்டாங்க. நான் கண்டுபுடிச்சிட்டேன். நான் ஒம்பது வருஷமாப் போடுறது இது. கண்ணக் கட்டிட்டுக் குடுத்தாலும் சொல்லுவேன்."

றஞ்சிதம் மிசி பதறவில்லை, மேற்கூரையைப் பார்த்தாள். கிருஷாந்தி போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். பாலம்மா அதைப் பார்த்தாள், ஆனால் விளங்கவில்லை.

டொக்டர் ஒரு குளிசையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிரட்டினார். நகத்தால் சுரண்டினார்.

"அம்மா, இது பிரஷர் குளிசை இல்லை. கிளினிக்கில பிள்ளைத்தாய்ச்சியளுக்குக் குடுக்கிற இரும்புச்சத்துக் குளிசை. ஊறினதில மேல்பூச்சுக் கழண்டு போச்சுது."

முதலில் சிரித்தது நஸ்லியா. இரண்டு நாளாக அடக்கியது ஒரேயடியாக வெளியே வந்தது. பிறகு எதிர்க்கட்டில், பிறகு மூலைக்கட்டில், பிறகு அன்று காலைதான் வந்த, நோவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒருத்தி. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வாட்டைக் கூட்ட வருகிறவளுக்கும் தெரிந்திருக்கிறது, அவளும் விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பாலம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை.

டொக்டர் கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார். நல்ல மனுஷன். கட்டில் விளிம்பில் இருந்து, அவளுக்கு நிதானமாகச் சொன்னார்.

"நீங்கள் சொன்னதும் முழுக்கப் பிழை இல்லையம்மா. நீங்கள் போடுற அதே மருந்துதான். அது உங்கட ரத்தக்குழாயின்ர இறுக்கத்தைத் தளர்த்திறதால பிரஷர் இறங்குது. கருப்பையும் அப்பிடி இறுகிறதுதானே, அதையும் தளர்த்தும். இவவின்ர பிரஷர் இறங்குதோ எண்டு மிசி ஒவ்வொருக்காவும் பாத்துத்தான் குடுத்தவ. நோவை ஒரேயடியா நிப்பாட்டாது. ரெண்டு நாள் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அந்த ரெண்டு நாளுக்குள்ள நாங்கள் தாய்க்குப் போட்ட ஊசி போய்ப் பிள்ளையின்ர சுவாசப்பையைப் பழுக்கப் பண்ணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

பாலம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பார்வை போர்வையை விட்டு அசையவில்லை.

"புள்ள" என்றாள். "நீ அந்தக் குளிசையெல்லாம் முழுங்கினியா?"

போர்வைக்குள்ளிருந்து, "ஓம் மாமி."

"எங்கிட்டக் குடுத்தது?"

"என்ர கிளினிக் பையில இருந்தது. முதலே கன்னத்துக்குள்ள வைச்சிருந்தனான்."

"மிசிக்குத் தெரியும்?"

"நீங்கள் சுடுதண்ணிக்குப் போகேக்க சொன்னனான்."

பாலம்மா பன்பாயைச் சுருட்டினாள். சீராகச் சுருட்ட வரவில்லை. பிளாஸ்கை எடுத்தாள், மூடியை மறந்தாள். அந்த மூடியில்தான் நஸ்லியா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்று, "மாமி, பகிடிக்குத்தான், போகாதீங்க" என்று அவள் எழும்பப் பார்த்தாள். பாலம்மா திரும்பவில்லை. சிரித்தவர்களை அவள் மன்னித்துவிடுவாள். சிரிக்கவைப்பது அவளுடைய தொழில்தானே. ஆனால் "நம்புறன் மாமி" என்று கண் நிறையச் சொன்ன ஒருத்தி, சொன்ன வாய் காய முன்னம் மிசியிடம் போட்டுக் கொடுத்தாளே. ஐந்து தரம். இருமி இருமி, துணியில் ஏந்தி ஏந்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து தரம் அவளைப் பைத்தியமாக்கினாளே. அப்பன் வேண்டாமென்ற பிள்ளைக்குக் கதவைத் திறந்த கைக்கு இதுதானா?

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். பாலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. முந்தானை நுனி துருக்கறையோடு படபடவென்று அடித்துக்கொண்டது. வேப்பமரத்துக் காகங்கள் ஒன்றும் வழியனுப்ப வரவில்லை.

ஊரில் இறங்கியதும் கேட்டார்கள். "பாலம்மாக்கா, புள்ளைக்கு எப்பிடி? ஏன் வந்துட்டீங்க? தொணைக்கு யாரு?" அவள் குனிந்த தலையோடு வீட்டுக்கு நடந்தாள். அன்று பின்னேரம் ஒரு கிழவி குளிசைப் பையோடு படலையைத் திறந்தாள். "இனிமே எங்கிட்டக் கொண்டு வராதீங்க. மிசிமாருட்டக் கேளுங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கிழவி கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளே இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. பாலம்மா ஊதுபத்தி கொளுத்தவில்லை. மாதாவைப் பார்த்து, "நீயும் கரையோரத்து ஆக்களோட சாமிதானே. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லலியே" என்றாள். மாரியம்மனைப் பார்த்து, "நீயுந்தான்" என்றாள். தன்னுடைய குளிசைப் பை அலுமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுத்தாள். ஒன்பது வருடம் தன்னோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தச் சாமான் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறது. திரும்ப உள்ளே எறிந்தாள். போடவில்லை.

வியாழன் முழுக்க டிலக்‌ஷனின் ஃபோன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் ஃபோனை மடியில்தான் வைத்திருந்தாள். அடிக்கும்போதெல்லாம் அது பிள்ளைபோல மடியில் துடித்தது. துடிப்பு நிற்கும்போது அவளுடைய நெஞ்சு உள்ளுக்குப் போனது. கோபம் ஒரு பக்கம் கிடக்க, மறுபக்கத்தில் அவள் மணித்தியாலங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வாய் பத்தரையிலிருந்து வியாழன் பத்தரை. டொக்டர் சொன்ன இரண்டு நாள் ஆகிவிட்டது. குளிசையை நிறுத்தியிருப்பார்கள். இனி அந்தப் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா? அம்மா, இருக்கீங்களா? புள்ள பொறந்துருச்சு. பொம்புளப் புள்ள. ஒண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கொறவு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க."

"அழுதுச்சா?" என்றாள் பாலம்மா.

"என்னம்மா?"

"அழுதுச்சான்னு கேக்குறேன்!"

"அழுதுச்சாம். மிசி சொன்னாங்க, வாட்டே கேக்க அழுதுச்சாம்."

அவள் முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. முப்பது வருடமாகக் கேட்கக் காத்திருந்த ஒரு சத்தத்தை யாரோ வேறு வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னதுபோல இருந்தது. சந்தோஷம் வந்தது. சந்தோஷத்துக்குள் முள்ளும் இருந்தது. தன்னுடைய சொல்லைக் கேட்டிருந்தால் அந்தச் சத்தம் இருந்திருக்காது என்று அந்த முள் சொன்னது. தான் நேசித்த மருமகள் தன்னை ஏமாற்றிக் காப்பாற்றிய பிள்ளை அது. யாரிடம் போய் இதைச் சொல்வாள்?

பத்தியக் குழம்பு வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வாட்டுக்குள் நுழைந்தாள். சட்டியைக் கிருஷாந்தியின் மேசையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நஸ்லியாவின் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். பிளாஸ்க் மூடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"மாமி" என்றாள் கிருஷாந்தி.

"சாப்புடு."

"மாமி, மிசி உங்களை வெளியில அனுப்பப் போறனெண்டு நிண்டவ. நான்தான் கெஞ்சினனான். நீங்கள் பக்கத்தில இல்லாட்டிப் பயத்திலயே எனக்கு நோவு வந்திருக்கும். அதுதான் அப்பிடிச் செய்தனான்."

"நல்லாருக்கு ஒன்னோட பாசம். நாடகம் போட்டுப் பாத்திருக்கே. டிக்கெட்டு வித்தியா?"

"சொல்லியிருந்தா நீங்கள் விட்டிருப்பீங்களோ?"

பாலம்மா யோசித்தாள். கதை சொல்கிறவளாக இருந்தாலும் இந்த இடத்தில் அவளுக்குப் பொய் வரவில்லை. "விட்டிருக்க மாட்டேன்."

"நீங்கள் சொன்ன கதைதான் மாமி. மூச்செடுக்கத் தெரியாத பிள்ளை எண்டு சொன்னீங்களே. ஊசி பிள்ளையின்ர நெஞ்சுக்குப் போய்ச் சேர ரெண்டு நாள் வேணுமெண்டு மிசி சொன்ன உடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது."

"அந்தக் கதையக் கேட்டவ நீ" என்றாள் பாலம்மா. "ஒனக்கு மட்டுந்தான் சொன்னேன். அதை வச்சே என்னைய ஏமாத்திட்டியே." அவள் எழும்பினாள். எழும்பியதும் வாட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. கட்டிலின் இரும்பைப் பிடித்தாள், கதிரையில் விழுந்தாள்.

றஞ்சிதம் மிசி ஓடிவந்து பட்டியைச் சுற்றினாள். "நூற்றித் தொண்ணூறு. அம்மா, எத்தினை நாளாக் குளிசை போடேல்ல?"

பாலம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கிருஷாந்தி விரலை மடித்து எண்ணினாள். "செவ்வாய்க்கிழமை என்னோட வந்ததில இருந்து. இண்டைக்கு நாலு நாள் மிசி. கோவத்தில வீட்டையும் போட்டிருக்கமாட்டா."

வெளிநோயாளர் பிரிவிலிருந்து சின்ன டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்து எழுதிக் கொடுத்தார். மிசி ஒரு குளிசையைக் கொண்டுவந்து கிருஷாந்தியின் கையில் கொடுத்தாள். செங்கல் நிறம், சின்னது, வட்டம். கிருஷாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி, தண்ணீரோடு மாமியின் முன்னால் வந்து நின்றாள்.

பாலம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பைத் தடவினாள். நகத்தால் ஒருமுறை சுரண்டியும் பார்த்தாள்.

"இரும்பு இல்ல மாமி, உண்மையானது."

"நீ சொன்னா நான் நம்பணுமா?"

"நம்பவேண்டாம். போடுங்கோ."

வாயில் போட்டாள். தண்ணீரைக் குடித்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஜன்னலில் ஒரு காகம் வந்திருந்து பத்தியச் சட்டியையே பார்த்தது.

"மாமி, இங்கால திரும்புங்கோ. வாயைத் திறவுங்கோ."

"என்னடி?"

"நாக்கைத் தூக்குங்கோ."

வாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பாலம்மா மருமகளை முறைத்தபடியே நாக்கைத் தூக்கினாள்.